அட்வெஞ்சர் வண்டியா, ஸ்போர்ட் டூரரா? உயரம் 163 செ.மீ., பின்சீட்டில் தங்கை

நெடுவழி_மீரா

வணக்கம். வண்டி மாற்றப் போகிறேன். இப்போது இருப்பது 650 சிசி இரட்டை சிலிண்டர் நேக்கட் பைக், காற்று மறைப்பு இல்லாதது. நகரத்துக்குள் அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் நூறைத் தாண்டினால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. நாள் முழுக்க ஓட்டினால் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெட்டி மாட்ட உருப்படியான இடமில்லை. பின்னால் உட்காரும் தங்கை ஒரு மணி நேரத்தில் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்கிறாள்.

நான் எப்படி ஓட்டுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணம் என்றால் முதலில் நெடுஞ்சாலை, அப்புறம் மலைச்சாலை. உண்மையில் மலைச்சாலைக்காகத்தான் கிளம்புவதே. ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து அடுத்ததற்கு வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து எடுத்துக்கொண்டு போவதில் இருக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைப்பதில்லை. தங்குமிடத்தை நெருங்கும்போது கடைசி நாலைந்து கிலோமீட்டர் தார் பெயர்ந்து ஜல்லியாகக் கிடக்கும், சில சமயம் வெறும் மண்பாதை. ஆற்றில் இறங்குவது, மணலில் ஏறுவது எல்லாம் என் ஆசையில் கிடையாது.

ஒரு பக்கம் ஸ்போர்ட் டூரர், அதாவது தார்ச்சாலையில் வேகமாக நெடுந்தூரம் போகும் வண்டிகள்: யமஹா ட்ரேசர் 9 ஜிடி, கவாசாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ். இன்னொரு பக்கம் அட்வெஞ்சர், அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற உயரமான வண்டிகள்: சுசூகி வி-ஸ்ட்ராம் 650, யமஹா டெனெரே 700, ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின். பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டவர்கள் எல்லோரும் "அட்வெஞ்சர் எடு, எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் போக எனக்கு ஆசையில்லை, வளைவுகளில் நன்றாகப் போகவேண்டும். ஆனால் அந்தக் கடைசி நாலு கிலோமீட்டரில் தங்கையை வைத்துக்கொண்டு திணறவும் கூடாது.

உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. காலின் உள்ளளவு, தொடை இடுக்கிலிருந்து தரை வரை, 74 செ.மீ. தங்கை 65 கிலோ. இரண்டு வகையையும் ஓட்டிப் பழகியவர்கள் சொன்னால் நல்லது.

ஜல்லிப்பாதை

மீரா, நான் டெனெரே 700 ஓட்டுகிறேன். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மலைச்சாலை என்கிறீர்கள். மலைச்சாலை முழுக்க வழவழவென்று இருக்காதே. மழை அரித்த ஓரம், ஒட்டுப்போட்ட தார், வளைவின் நட்டநடுவில் சிதறிய பொடிக்கல், இதெல்லாம் சேர்ந்ததுதான் மலைச்சாலை. அங்கே கைகொடுப்பது சஸ்பென்ஷன் (சக்கரத்தின் ஸ்பிரிங் அமைப்பு) எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பதுதான். டெனெரேயில் முன்னால் 210 மி.மீ., பின்னால் 200. நிஞ்ஜா 1000எஸ்எக்ஸில் முன்னால் 120 மட்டும். நான் கவனிக்காமல் ஏற்றிவிடும் பள்ளத்தில் நிஞ்ஜாக்காரர் முன்கூட்டியே பிரேக் பிடித்து, பாதையை மாற்றி, வளைவைப் பாதியில் விட்டுவிடுவார். முரட்டுச் சாலையில் என்னோடு வந்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் அவர்கள் வண்டிதான் வேகம், ஆனால் உடைந்த தாரில் முன்னால் போவது நான்.

அப்புறம் நின்ற இடத்தில் வண்டி சாய்வது. யாருக்கும் நடக்கும். கிராஷ் பார் போட்ட அட்வெஞ்சர் வண்டி கம்பியில் படுத்துக்கொள்ளும், தூக்கி நிறுத்திவிட்டுப் போகலாம். முழு ஃபேரிங் (பிளாஸ்டிக் உறை) வண்டி சாய்ந்தால் பிளாஸ்டிக் கீறும், தாங்கிகள் முறியும், சில சமயம் கண்ணாடியும் இண்டிகேட்டரும் சேர்ந்து போகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, டெனெரே உங்களுக்கு வேண்டாம் என்பதையும் நானே சொல்கிறேன். சீட் உயரம் 875 மி.மீ. 74 செ.மீ. காலுக்குத் தனியாக ஓட்டவே சிரமம், பின்னால் ஆள் வைத்து ஜல்லியில் நிறுத்தும்போது மிகச் சிரமம். அந்தச் சீட்டும் நீண்ட நேரத்துக்கு இருவருக்கானது இல்லை. உங்கள் பட்டியலில் எனக்குச் சரியாகப் படுவது வி-ஸ்ட்ராம் 650. சீட் 835, டேங்க் 20 லிட்டர், எஞ்சின் மிரட்டாது, முன்சக்கரம் 19 அங்குலம். வளைவிலும் வரும், ஜல்லியிலும் வரும்.

ரெண்டு பெட்டி

மீராவின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வகையும் என்னிடம் இருந்திருக்கிறது, இப்போதும் ஒவ்வொரு முறை வண்டி மாற்றும்போதும் இதே இடத்தில்தான் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எஞ்சினை மறந்துவிடுங்கள். எஞ்சினை வைத்து இந்த இரண்டு வகையைப் பிரிக்கவே முடியாது. வி-ஸ்ட்ராம் 650-ல் இருப்பது எஸ்வி650-ன் வி-ட்வின் (வி வடிவ இரட்டை சிலிண்டர்) குடும்பம். டெனெரேயில் இருப்பது எம்டி-07-ன் 689 சிசி எஞ்சின். ட்ரேசர் 9-ல் எம்டி-09-ன் 890 சிசி மூன்று சிலிண்டர். மூன்றுமே தெரு வண்டிக்குச் செய்த எஞ்சின்கள்தான். இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1976-ல் பிஎம்டபிள்யூ காற்றுச் சுரங்கத்தில் வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு ஆர் 100 ஆர்எஸ் கொண்டுவந்தது. ஸ்போர்ட் டூரர் என்று நாம் இன்று சொல்வதன் ஆரம்பம் அங்கேதான் என்பது என் எண்ணம். 1980-ல் அதே பாக்ஸர் (எதிரெதிரே படுத்த இரட்டை சிலிண்டர்) குடும்பத்து எஞ்சினை உயரமான சட்டத்தில் வைத்து ஆர் 80 ஜி/எஸ் வந்தது, அடுத்த வருடமே ஊபேர் ஓரியோல் அந்த வண்டி வகையில் பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்தார். அன்றைக்கே இரண்டையும் பிரித்தது சக்கரமும், சஸ்பென்ஷனும், ஆள் உட்காரும் விதமும்தான்.

அதனால் முன்சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள். வண்டியின் சுபாவத்தில் பெரும்பகுதி அங்கே முடிவாகிவிடும். டெனெரேயிலும் வழக்கமான ஆப்பிரிக்கா ட்வினிலும் 21 அங்குலம், டயர் அகலம் 90. வி-ஸ்ட்ராமில் 19 அங்குலம், 110. ட்ரேசர், நிஞ்ஜா இரண்டிலும் 17 அங்குலம், 120. பெரிய சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் சுலபமாக ஏறி இறங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுற்றும் பெரிய சக்கரம் தன் நிலையை விட்டுக்கொடுக்காது. ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்குக் கொண்டுவர ஹேண்டில்பாரில் அதிகம் தள்ளவேண்டும், அது வர ஒரு கணம் கூடுதலாகும். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சாய்ந்திருக்கும் கோணமும் சேர்ந்துகொள்ளும்: டெனெரேயில் 27 பாகை, நிஞ்ஜாவில் 24. செங்குத்தாக நிற்கும் ஃபோர்க் சீக்கிரம் திரும்பும்.

இன்னொன்று, ஜல்லிப்பாதை புகழ்ந்த அந்த 210 மி.மீ. சஸ்பென்ஷன் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் முதலில் அமுங்கும், அமுங்கி முடித்த பிறகுதான் டயருக்கு முழுப் பாரம் போய்ச்சேரும். பிரேக்கை விட்டதும் மறுபடி எழும்பும். பழகியவர்கள் பிரேக்கை மெல்ல விட்டு இதைச் சமாளிப்பார்கள், அழகாகவும் ஓட்டுவார்கள். ஆனால் வளைவு அடுத்தடுத்து வரும்போது வண்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதை நீங்கள் உணர்வீர்கள். மீரா, நீங்கள் கிளம்புவதே அந்த வளைவுகளுக்காக என்கிறீர்கள். பயணத்தின் அந்தப் பகுதிக்குத்தான் வண்டி வாங்க வேண்டும். ஜல்லியில் நாலு கிலோமீட்டர் 20 வேகத்தில் போனால் பன்னிரண்டு நிமிஷம். 120 மி.மீ. சஸ்பென்ஷனும் 20 வேகத்தில் ஜல்லியைத் தாண்டிவிடும்.

இனி உயரம். கண்காட்சி அறையில் எழுதிவைத்திருக்கும் சீட் உயரம் யாரும் உட்காராத வண்டியுடையது. உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அமுங்கும். 200 மி.மீ. பயணம் உள்ள வண்டியில் அது 60 மி.மீ.க்கு மேல், 137 உள்ள ட்ரேசரில் 40 சொச்சம். அதனால் உயரமான வண்டிகள் எண்ணில் பயமுறுத்தும் அளவுக்கு நிஜத்தில் பயமுறுத்தாது. சீட்டின் முன்பகுதி ஒல்லியாக இருந்தால் இன்னும் நல்லது, அகலமான சீட் தொடையை விரித்துக் காலைக் குட்டையாக்கிவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து எதையும் தள்ளாதீர்கள், போய் உட்கார்ந்து பாருங்கள்.

உட்கார்ந்து பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சமதரையில் ஷோரூமில் ஏறி இரண்டு குதிகாலும் படுகிறதா என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்சக்கரம் இறக்கத்தைப் பார்த்தபடி, லேசான சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்து, பாதத்தால் தள்ளிப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். தினமும் வாகன நிறுத்தத்தில் செய்யப்போவது அதைத்தான். விரல் நுனி மட்டும் தரையில் படும் வண்டியை அங்கே ஒரு அடிகூட நகர்த்த முடியாது. டேங்க் நிறைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் 15 கிலோ. டெனெரே 204 கிலோ, ட்ரேசர் 9 ஜிடி 220, நிஞ்ஜா 235. காகிதத்தில் டெனெரேதான் இலகு. ஆனால் அந்தப் பாரம் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைக் காகிதம் சொல்லாது, நின்ற இடத்தில் ஐந்து பாகை சாய்ந்தால் தொடை சொல்லிவிடும்.

கடைசியாக, யாரும் பார்க்காத ஒரு கணக்கு. வண்டியின் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். உங்கள் கணக்கைப் போடுவோம்: 58, 65, இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 16, காலிப் பெட்டிகள் தாங்கியோடு 14, உள்ளே சாமான் 20. மொத்தம் 173 கிலோ. இதைத் தாங்காத வண்டி பட்டியலில் இருக்கக் கூடாது. எந்த வகை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் பதில்: ட்ரேசர் 9 ஜிடி. இரண்டு பக்கமும் 17 அங்குலம், நிமிர்ந்து உட்காரலாம், சஸ்பென்ஷன் முன்னால் 130, பின்னால் 137, சீட்டை 810-லும் வைக்கலாம் 825-லும் வைக்கலாம். தனியாக, நல்ல தாரில் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் நிஞ்ஜா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அந்த 1043 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின் எந்தக் கியரிலும் இழுக்கும். ஆனால் தங்கை வருகிறாள்.

பின்சீட்

தங்கையின் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். நான் ஓட்டுவதில்லை. என் கணவர் ஓட்டுகிறார், வருஷக்கணக்காகப் பின்னால்தான் பயணம்.

பின்னால் இருப்பவருக்கு முக்கியம் சீட்டுக்கும் கால்வைக்கும் கம்பிக்கும் இடையிலான தூரம். அது குறைவாக இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும். அரை மணி நேரத்தில் இடுப்பு எலும்பின் பக்கவாட்டில் ஒரு வலி ஆரம்பிக்கும், இறங்கி நடந்தால்தான் போகும். அட்வெஞ்சர் வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் தூரம் தாராளம். நிமிர்ந்த ஸ்போர்ட் டூரரிலும் பரவாயில்லை. ஸ்போர்ட் பைக்கின் சாயல் அதிகமாக இருக்கும் வண்டியில் பின்சீட் உயரமாக, ஓட்டுபவரின் தலைக்கு மேலே உட்கார்ந்தமாதிரி இருக்கும், முழுக் காற்றும் பின்னால் இருப்பவருக்குத்தான்.

பிரேக் பிடிக்கும்போது எதைப் பிடிப்பது என்பதையும் பாருங்கள். பக்கவாட்டில் பிடிகம்பி இருக்கிறதா? அதைக் கையுறையோடு பிடிக்க முடிகிறதா? பக்கப்பெட்டி மாட்டிய பிறகும் கை அதற்குள் போகிறதா? பின்சீட்டுக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸில் முதுகு சாய்த்தால் சுகம், நான் அதில் தூங்கியே விழுந்திருக்கிறேன். ஆனால் அதற்குள் கனமானதை வைக்க விடாதீர்கள். எங்கள் வண்டியில் டாப் பாக்ஸில் மழை ஜாக்கெட், கையுறை மட்டும், மற்றதெல்லாம் பக்கப்பெட்டியில் கீழே. டாப் பாக்ஸ் கனத்தால் நெடுஞ்சாலையில் முன்பக்கம் லேசாகி வண்டி மெல்லப் பாம்பு நெளிகிறமாதிரி ஆடும், பின்னால் இருப்பவருக்கு அது முதலில் தெரியும்.

தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள். அவள் பதில் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

நெடுவழி_மீரா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையோடு போய் ட்ரேசர் 9 ஜிடியும் வி-ஸ்ட்ராம் 650-யும் ஓட்டிப் பார்த்தேன். நிஞ்ஜாவில் உட்கார மட்டும் கிடைத்தது. தங்கை ஏறிப் பார்த்து, முழங்கால் இப்போதைய வண்டியைவிட நன்றாக இல்லை என்றாள், அதோடு அது முடிந்தது.

வி-ஸ்ட்ராமைப் பற்றி ஜல்லிப்பாதை சொன்னது அத்தனையும் சரி. பழகின வண்டிமாதிரி முதல் நிமிஷத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு உடைந்த பாலத்துச் சாலையில் வேண்டுமென்றே மேடு பள்ளத்தில் ஏற்றினேன், தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. ட்ரேசரில் அதே இடத்தில் தங்கை தோளைப் பிடித்துக்கொண்டாள், பொறுக்க முடியாதது என்று சொல்லமாட்டாள், தெரிந்தது என்கிறாள். ஆனால் வளைவுகளில் ட்ரேசர்! பார்வை திரும்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடைவெளியே இல்லை. பிரேக் பிடித்து, திருப்பி, கியர் மாற்றாமல் மறுபடி இழுத்து வெளியே வரும்போது மூன்று சிலிண்டரின் அந்தச் சத்தம். இறங்க மனசே வரவில்லை.

சரிவில் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ட்ரேசரில் சீட்டைத் தாழ்வாக வைத்து, பூட்ஸோடு இரண்டு முன்பாதமும் பதிகிறது, தள்ள முடிந்தது. வி-ஸ்ட்ராமில் ஒரு பாதம்தான் பதிகிறது, தள்ள முடிந்தாலும் மூச்சு வாங்கியது.

இரண்டு சந்தேகம். ஒன்று, கடைக்காரர் "லோயரிங் லிங்க் போட்டு 25 மி.மீ. இறக்கித் தருகிறேன், எந்த வண்டியானாலும் கவலையே வேண்டாம்" என்கிறார். போடலாமா? இரண்டு, ட்ரேசரில் நூறைத் தாண்டியதும் ஹெல்மெட்டைச் சுற்றி ஒரே இரைச்சல், தலை லேசாக உதறியது. வி-ஸ்ட்ராமிலும் இருந்தது, கொஞ்சம் குறைவு. இந்தக் காற்றிலிருந்து தப்பிக்கத்தானே வண்டியே மாற்றுகிறேன்.

ரெண்டு பெட்டி

லிங்க், அதாவது பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டு, அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் மட்டும் 25 மி.மீ. இறக்கினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும், ஃபோர்க்கின் கோணம் படுத்துக்கொள்ளும், நீங்கள் ஆசைப்பட்ட அந்தத் திரும்பும் சுறுசுறுப்பு முதலில் போகும். போட்டால் முன்னால் ஃபோர்க்கையும் கிளாம்ப்பில் அதற்கேற்ப மேலே ஏற்றவேண்டும். அப்போது வளைவில் சாயும் இடைவெளி குறையும், சீக்கிரம் தரையில் உரசும். சைடு ஸ்டாண்டு அப்படியே இருப்பதால் அது நீளமாகிவிடும், வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பெட்டிகளோடு, மறுபக்கம் சரிந்த தரையில் அப்படி நிறுத்தினால் வண்டி அந்தப் பக்கம் விழும். ஸ்டாண்டையும் வெட்டிச் சேர்க்கவேண்டும். முன்பாதம் இரண்டும் பதிகிறது, சரிவில் தள்ள முடிகிறது என்றால் உங்களுக்கு இது எதற்கு? கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்குங்கள். சீட்டின் முன்பக்க ஓரங்களைக் கொஞ்சம் செதுக்கச் சொல்லுங்கள், இறக்குவதைவிட அது நல்ல வழி.

காற்றுக்கு, காலி நேர்ச்சாலையில், தனியாக இருக்கும்போது, நிதான வேகத்தில் இதைச் செய்து பாருங்கள். சத்தம் வரும் வேகத்தில் போய்க்கொண்டே, கால்கம்பியில் ஊன்றி, சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்புங்கள். தலை மேலே போனதும் இரைச்சல் சட்டென்று குறைந்து, சீரான காற்று மட்டும் வந்தால் விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பில் பிய்ந்து சுழலும் காற்றுதான் உங்கள் ஹெல்மெட்டில் மோதுகிறது என்று அர்த்தம். அப்புறம் உட்கார்ந்து, டேங்க்மேல் குனிந்து பாருங்கள். குனிந்தாலும் குறைந்தால், உங்கள் தலை அந்தச் சுழலின் நடுவில் சரியாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வழி இரண்டு. ஷீல்டை இறக்கிச் சுத்தமான காற்றை நேராக ஹெல்மெட்டுக்கு விடுவது ஒன்று. நெஞ்சுக்கு மட்டும் மறைப்பு இருக்கும், பலருக்கு இதுவே நிம்மதி. அகலமான, உயரமான ஷீல்டு மாட்டித் தலையை முழுக்க உள்ளே கொண்டுவருவது இன்னொன்று. உங்கள் உயரத்துக்கு இது சாத்தியம்தான், ஆனால் விளிம்பு கண்ணுக்கு நேரே வரக் கூடாது. மழை இரவில் அந்த வழியாகப் பார்ப்பது ஆபத்து. எப்போதும் ஷீல்டுக்கு மேலாகத்தான் பார்வை போகவேண்டும். முதலில் இருப்பதை இறக்கியும் ஏற்றியும் பாருங்கள், எதையும் வாங்குவதற்கு முன்.

ஹெல்மெட் முன்பக்கம் முகப்புத் தட்டு வைத்ததா? அப்படியானால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அது தலையைப் பின்னால் இழுக்கும்.

ஜல்லிப்பாதை

ட்ரேசர்தான் என்று மனசு முடிவுசெய்துவிட்டதைப் படிக்கும்போதே தெரிகிறது, நல்ல தேர்வு. வி-ஸ்ட்ராமைப் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது: சாலை இன்னும் மோசமான இடத்துக்குப் போகிறவராக இருந்தால் அதுதான். உங்கள் சாலையில் ட்ரேசர்.

உங்கள் நாலு கிலோமீட்டருக்காகச் சொல்கிறேன், கட்டை கட்டையாக இருக்கும் ஆஃப்-ரோடு டயர் எதையும் தேடாதீர்கள். டிகேசி 80 மாதிரி டயரின் வேக வரம்பே மணிக்கு 160 கி.மீ., ஈரத் தாரில் சாய்த்து ஓட்ட அது உங்கள் நண்பனும் இல்லை. மிஷலின் ரோடு, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி மாதிரி ஸ்போர்ட் டூரிங் டயரே போதும். நடுவில் உழைக்கும் ரப்பர், ஓரத்தில் ஒட்டும் ரப்பர், மழையிலும் நம்பலாம். ஜல்லியில் செய்யவேண்டியது வேறு. பார்வையை முன்சக்கரத்துக்குக் கீழே விடாமல் தூரத்தில் வையுங்கள், முன்பிரேக்கை விரலால் தொட்டால் போதும், ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள். முன்பக்கம் கொஞ்சம் அலையும், அலைய விடுங்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கட்டும். இறக்கத்தில் தங்கையை இறக்கி நடக்க விட்டாலும் தப்பில்லை.

ஒரு நல்ல செய்தி, அந்த வண்டியில் அலாய் வீல், ட்யூப்லெஸ். ஆணி ஏறினால் வீலைக் கழற்றாமலே ரோட்டோரத்தில் திரி சொருகி, கைப்பம்பில் காற்று ஏற்றிக் கிளம்பலாம். என் டெனெரேயில் ட்யூப். சக்கரத்தைக் கழற்றி, லீவர் போட்டு டயரை நெம்பவேண்டும். திரி, பம்பு, காற்றழுத்தமானி மூன்றும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

நெடுவழி_மீரா

ட்ரேசர் 9 ஜிடி முன்பதிவு செய்துவிட்டேன். ஷீல்டை இறக்கி ஓட்டிப் பார்த்தேன், இரைச்சல் குறைந்து காற்று சீரானது, அதனால் இப்போதைக்கு எதையும் மாற்றப் போவதில்லை. லிங்க் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். தகட்டுக் கணக்கையும் சரிபார்த்தேன், பெட்டியோடு இருவரும் வரம்புக்குள் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. தங்கை ஏறும்போதும் இறங்கும்போதும் பின் சஸ்பென்ஷனை மாற்றவேண்டுமா, இல்லை நடுவாக ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிடலாமா?

ரெண்டு பெட்டி

மாற்றுங்கள், தங்கை வரும் ஒவ்வொரு முறையும். வேண்டியது பின்பக்க ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அளவு, மட்டும். மாற்றாமல் இருவரும் பெட்டிகளோடு ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வண்டி வளைவில் உள்ளே வராமல் வெளிப்பக்கமே ஓடும். அதைத் திருத்த நீங்கள் ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரு சாயங்காலம் ஒதுக்கி அளந்துவிடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே வால்பகுதியில் ஒரு டேப் ஒட்டி, இடைப்பட்ட உயரத்தை அளக்கவேண்டும். அப்புறம் சக்கரத்தில் இறக்கி, நீங்கள் மட்டும் முழு உடுப்போடு உட்கார, இன்னொருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். வித்தியாசம் 40 முதல் 45 மி.மீ.க்குள் வரும்வரை ப்ரீலோடைத் திருகுங்கள். அப்புறம் தங்கையும் சாமானும் ஏறி, அதே 40-45 வரும்வரை இன்னும் இறுக்குங்கள். முழுக்கத் தளர்ந்த நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று இரண்டு அளவையும் எண்ணி, ஒரு துண்டுத் தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

காற்றழுத்தமும் கூடவே மாறும். இருவருக்கான அழுத்தம் வண்டியின் கையேட்டிலும் ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, கிளம்புவதற்கு முன், அதைப் பார்த்து ஏற்றுங்கள்.